எவர் தேய்த்த சில்வர்

பெண் பார்க்கப் போன வீட்டில் அக்கா என் நாற்காலியை இரண்டு முறை நகர்த்திப் போட்டாள். முதல் முறை, விசிறிக்குக் கீழே இருந்தால் காற்று வரும் என்றாள். இரண்டாம் முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியின் இடப்பக்கம் சுவரை ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம், உள்ளறை வாசலில் தொங்கிய பூப்போட்ட திரையைப் பார்த்திருந்தது. நான் உட்கார்ந்ததும் தோளில் கைவைத்து, "இப்படியே இரு தம்பி, அசையாத" என்றாள். சிராங்கூன் ரோட்டு ஸ்டுடியோவிலும் அவள்தான் என் முகத்தை இப்படித் திருப்பி வைத்தாள். பெண் வீட்டுக்குப் போன அந்தப் படத்தில் எனக்கு ஒரு கன்னம்தான் இருந்தது.

கடலோரத்தில் இருந்த ஒரு ஹோட்டலின் சமையலறையில் எனக்கு வேலை. சமைக்கிற வேலை இல்லை, துடைக்கிற வேலை. அங்கே மேசை, தொட்டி, அடுப்புக்கு மேலே கவிழ்ந்திருக்கும் புகைக்கூடு, குளிர்பெட்டிகளின் கதவுகள் எல்லாமே எஃகு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், துருப்பிடிக்காத பொருளைத் துடைக்க ஓர் ஆள் எதற்கு என்று நினைத்திருந்தேன். விரல் பட்டால் அது விரலைக் காட்டிக்கொடுக்கும், தண்ணீர் சொட்டினால் சொட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் எஃகிலும் துணியைப் போல ஒரு நூலோட்டம் இருக்கும். கை அந்த ஓட்டத்தோடுதான் போக வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு போய்விடும், தேய்த்தவனின் அவசரம் மட்டும் அதில் தங்கிவிடும். எங்கள் சமையல்காரர் ஜலாலுதீன் காக்கா, நான் மேசையைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து அதன்மேல் இறைச்சியைத் தூக்கிப் போடுவார். "எவர்சில்வர் எவர்சில்வர்ங்கிறான், எவர் தேச்ச சில்வர்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான்" என்று அதற்கும் அவரே வருத்தப்படுவார்.

சமையலறை மூலையில் ஆள் உயரத்துக்கு ஓர் அலமாரி நின்றது. ஸ்டீமர் என்போம். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், கீழே கொதிநீர். ஒரு காலையில், உள்ளே ஆவி அடங்கிவிட்டது என்று நினைத்து அதன் கதவைத் திறந்தேன். வெந்த தோல் உரிந்து புதுத்தோல் வந்தபோது அது என் நிறத்தில் வரவில்லை. இடது காதிலிருந்து தாடை வழியாகக் கழுத்துவரை இளஞ்சிவப்பாக, கசக்கிப் பிரித்த மெழுகுத்தாளைப் போல அது படர்ந்துவிட்டது. அதற்குப்பின் நான் யாரையும் நேராகப் பார்த்துப் பேசியதில்லை. பேசுகிறவரின் இடது கைப்பக்கம் போய் நின்றுகொள்ளும் பழக்கம் எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. ஆட்களும் அதற்கு உதவினார்கள். முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பையைப் பார்த்துப் பேசினார்கள். ஜலாலுதீன் காக்காகூட என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

பெண்ணின் அப்பா கோவிந்தசாமிக்கு முனிசிபல் தண்ணீர்க்குழாய்ப் பிரிவில் வேலை. பெருமாள் கோயில் வாசலில் நல்ல வெயிலில் அவர் என்னைப் பார்த்தார். "ஆம்பளைக்கு மொகமா முக்கியம்? பரவால்ல லா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். தாயில்லாத பெண்ணை வளர்த்தவர் அவருடைய தங்கை பூவம்மா. அவருக்கும் தெரியும். "சின்னப் புள்ள, இப்ப சொன்னா பயந்துக்கும். கல்யாணம் ஆனா தானா பழகிரும்" என்பது அவர் கணக்கு. ஆக, தெரியாதது சந்திரமதி ஒருத்திக்குத்தான். அவளிடம் சொல்லிவிடச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். "அவங்க சொல்லிருவாங்க" என்றாள். இரவில் படுத்திருக்கும்போது மணவறையை நினைத்துப் பார்ப்பேன். தாலி ஏறியபின் அந்தப் பெண் முதல்முறையாகத் தலை நிமிர்வாள். அந்த ஒரு நொடியை நினைத்தால் வெந்த நாளைவிட அதிகமாக எரியும்.

எங்கள் தீவு மலேசியாவிலிருந்து பிரிந்த மறு வருடம் அது. பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே அவர்கள் வீடு. எதிரே தேக்கா மார்க்கெட்டின் இரைச்சல் ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. கோவிந்தசாமி வேலையைப் பற்றிக் கேட்டார், புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடி வீடுகளைப் பற்றிச் சொன்னார். பேச்சு தீர்ந்தபோது மகளின் பெருமைக்கு வந்தார்.

"எம் பொண்ணுக்கு பக்தி ஜாஸ்தி தம்பி. இப்பக் கொஞ்ச நாளா ரொம்பவே முத்திப்போச்சு. மாடத்துல திருநீறு வாங்கி வெச்சா நிக்கறதே இல்ல."

"நெத்தியப் பாத்தா ஒரு கோடுதான் இருக்கு" என்றார் பூவம்மா. "மிச்சமெல்லாம் எங்க போவுதுன்னு அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்."

"நல்ல பழக்கம்தானேம்மா" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வலது பக்கத்தில் மட்டும்.

திரை விலகியது. முதலில் தெரிந்தது ஒரு தட்டு, பிறகு அதைப் பிடித்திருந்த கைகள். சந்திரமதி தலை குனிந்து நடந்து வந்தாள். அந்தக் காலத்துப் பெண் பார்த்தலில் அவர்கள் தலை அவ்வளவுதான் நிமிரும். அவள் என் முன்னால் வந்து குனிந்தாள். நானும் அவளைப் பார்க்கத் துணிவில்லாமல் தட்டைத்தான் பார்த்தேன்.

அது சாதாரண எவர்சில்வர் தட்டு. நூலோட்டம் நீளவாக்கில் ஓடியது. டம்ளர்களை ஏன் இப்படி ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறாள், தட்டு சாய்ந்துவிடாதா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு நடுவைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நூலோட்டமே இல்லை. ஒரு கோடு இல்லை, மங்கல் இல்லை. குளத்து நீரை வெட்டி எடுத்து வைத்ததுபோல் இருந்தது. தட்டின் மற்ற இடமெல்லாம் வாங்கி வந்த நாளின் மந்தமான வெண்மையிலேயே இருக்க, நடுவில் மட்டும் கண்ணாடி.

எஃகில் அப்படி ஒரு கண்ணாடியைக் கையால் வரவழைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். செங்கல் தூள் கீறிவிடும். அடுப்புச் சாம்பல் கரகரக்கும். புளி அழுக்கை எடுக்குமே தவிர முகம் காட்டாது. மாவைவிட மெல்லிய ஒன்று வேண்டும். அதை விரல் நுனியில் தொட்டு, ஒரே இடத்தில், சுற்றிச் சுற்றி, யாரும் பார்க்காத நேரங்களிலெல்லாம் தேய்க்க வேண்டும். தட்டின் விளிம்பு மடிப்பில் வெள்ளையாக ஒரு துளி ஒட்டியிருந்தது. மாடத்துத் திருநீறு எங்கே போனது என்று முருகனுக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்துவிட்டது.

தட்டு அழகாக இருக்க வேண்டும் என்று தேய்க்கிறவள் முழுத் தட்டையும் தேய்த்திருப்பாள். இது அழகுக்குத் தேய்த்த வட்டம் இல்லை. நிமிரக் கூடாத ஒரு பெண், நிமிராமலே பார்ப்பதற்காகத் தேய்த்த வட்டம். ஒரு கன்னம் மட்டும் உள்ள படத்தை அவள் எத்தனை முறை கையில் எடுத்துப் பார்த்திருப்பாளோ.

வட்டத்துக்குள் இரண்டு கண்கள் இருந்தன. அவளுக்கு என் முகம் தெரிந்தால் எனக்கு அவள் முகம் தெரியும் என்பதை அவள் யோசித்திருந்தாளா, தெரியவில்லை. அவை விலகவில்லை. என் வலது கன்னத்தில் சற்று நின்றன. பிறகு மூக்கைத் தாண்டி மறுபுறம் போக முயன்றன, முடியவில்லை. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் ஒளித்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவள் நகர்ந்துவிடுவாள். எல்லோருக்கும் அதுதான் வசதி. அப்படி விட்டுவிட முடியாமல் என்னைத் தடுத்தது துணிச்சல் இல்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலைக்குத் தருகிற மரியாதை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பார்ப்பதற்காக இவ்வளவு தேய்த்தவளை எப்படிப் பாதியோடு அனுப்புவது? மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, தட்டின்மேல் முழு முகத்தையும் வைத்தேன்.

அக்கா இருமினாள்.

தட்டு நடுங்கும், தேநீர் சிந்தும், குறைந்தது அந்தக் கண்களாவது மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்கள் காதில் தொடங்கி, தழும்பின் ஓரமாகவே இறங்கி, தாடைக்கு வந்து, கழுத்துக்குப் போய், திரும்பவும் மேலே ஏறின. துடைத்து முடித்த மேசையை நான் பார்ப்பது அப்படித்தான். விட்டுப்போன இடம் எங்கே என்று பதறாமல் ஓரத்திலிருந்து தொடங்குவேன். பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தட்டை ஒரு நெல் அளவு சாய்த்தாள். ஜன்னல் வெளிச்சம் வட்டத்துக்குள் நுழைந்து என் இடது கன்னத்தில் ஏறியது. டம்ளர்களில் தேநீர் ஒரு பக்கம் ஒதுங்கியது, சிந்தவில்லை. தெளிவாகத் தெரியவில்லை என்று வெளிச்சம் போட்டுப் பார்க்கிறாள்! அந்தக் கன்னத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட.

பிறகு தட்டு அக்காவிடம் போனது. என் கையில் டம்ளர் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை.

சந்திரமதி வெறும் தட்டோடு உள்ளே போனதும் பூவம்மாவும் எழுந்து போனார். சிறிது நேரத்தில் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஒண்ணு கேக்கணுங்குது."

"என்னவாம்?" என்றார் கோவிந்தசாமி.

"எங்கிட்ட சொல்ல மாட்டேங்குது. அவங்ககிட்டயே கேக்கணுமாம்."

யாரும் சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் கனமான குரல்.

"அது எண்ணெயா, ஆவியா?"

அது என்றால் எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல" என்றார் பூவம்மா.

"நாங்களும் சொல்லலைங்க" என்றாள் அக்கா அவசரமாக.

கோவிந்தசாமி சட்டைப் பொத்தானைத் திருகினார். யாரும் சொல்லாத அது, அறையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஆவிதான்" என்றேன். "ஸ்டீமர் கதவத் தொறக்கறப்ப ஓரமா நிக்கணும். நான் நேரா நின்னுட்டேன்."

கீழே யாரோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போன சத்தம் தெருமுனைவரை கேட்டது. மௌனங்கள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதுவரை எனக்குத் தெரிந்திருந்தவை அடுத்தவர் என்னிடமிருந்து விலகிப் போகிற மௌனங்கள். இது அப்படி இல்லை. அந்தப் பக்கம் ஒருத்தி நின்று யோசிப்பது இந்தப் பக்கம் தெரிந்தது.

"அதான் இப்ப ஓரமா உக்காந்திருக்கீங்களா?"

"அடியே" என்று பூவம்மா தலையில் அடித்துக்கொண்டார். கோவிந்தசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், அழுதுவிடுவேனோ என்று. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தழும்பு இழுத்ததில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, கோணட்டும் என்று விட்டுவிட்டேன். வெந்த நாளிலிருந்து என்னை யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்யப்படுவதற்கும் ஒருவன் நேர் ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது.

எழுந்து நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்தேன். கால் தரையில் கிறீச்சிட்டது. "தம்பி" என்றாள் அக்கா, அவ்வளவுதான். திரையை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"நானும் ஒண்ணு கேக்கலாமா? அந்த வட்டத்த..."

உள்ளே வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

"எந்த வட்டம்?" என்றார் கோவிந்தசாமி.

நான் விழித்தேன். "தேத்தண்ணிய சொன்னேங்க. நல்லா இருக்கு."

"அது பூவம்மா போட்டது" என்றார் அவர், ஏமாற்றத்தோடு.

அதற்குமேல் பெரியவர்களுக்குப் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. பொண்ணு யோசிக்கட்டும், வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்துச் சொல்கிறோம் என்றார் கோவிந்தசாமி. சரி என்று அக்கா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவள் இந்த வீட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டது அந்தச் சரியிலேயே தெரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்ததனாலேயே ஒருத்தி சம்மதித்துவிட வேண்டுமா என்ன? நன்றாகப் பார்த்து, வேண்டாம் என்று சொல்வதற்கும்தான் அவள் தேய்த்திருப்பாள். அப்படிச் சொன்னாலும் அந்த வட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன் என்று தோன்றியபோது, ஏனோ மனம் லேசாயிற்று.

டம்ளர்களை எடுத்துப்போகச் சந்திரமதியே வந்தாள். இந்த முறை தட்டு இல்லை. தலையும் குனிந்திருக்கவில்லை. அக்காவுடையதை எடுத்தாள், அப்பாவுடையதை எடுத்தாள், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு என் இடது பக்கம் வந்து நின்றாள். என் டம்ளரில் பாதி மிச்சம் இருந்தது. அவள் கையை நீட்டினாள். எஃகைத் தேய்க்கிறவர்களுக்கு விரல்களின் ரேகைக்குள் ஒரு கறுப்பு இறங்கும். சோப்புக்குப் போகாது, எலுமிச்சைக்குப் போகாது, தோல் வளர்ந்து தானே தள்ளினால்தான் உண்டு. என் பத்து விரலிலும் அது உண்டு. நீட்டிய அவள் கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் நுனியில் கறுத்திருந்தன. ஒவ்வொரு ரேகையும் மையிட்டதுபோல் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை. அவசரமும் படவில்லை. நான் ஆறிப்போன தேநீரை ஒவ்வொரு மிடறாகக் குடித்தேன். அவள் நீட்டிய கையோடு காத்து நின்றாள்.