நடுவில் ஓர் ஓ

லொரெய்ன் குடித்தனம் நடத்திய முப்பத்தோரு வருஷமும் வீட்டில் அந்த ஒரு சொல் இருந்தது. புருஷன் கிளைவ் லாரி ஓட்டிவிட்டு வந்து சோபாவில் சாய்ந்ததும் அவள் ஏதாவது கேட்பாள். பல் டாக்டருக்குப் போன் செய்தாயா, கூரை ஒழுகுவதைப் பார்க்க யாரையாவது வரச் சொன்னாயா, அந்த இருமல் என்ன ஆச்சு. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்: “மைதர் பண்ணாத, லொரெய்ன்.”

வட இங்கிலாந்தின் லேங்கஷயரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல் அது. நச்சரிக்காதே, ஆளை விடு என்று அர்த்தம். கிளைவ் அதைக் கோபமாகச் சொல்ல மாட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைசியில் நெஞ்சில் ஒயர்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் எதையோ கேட்க நர்ஸிடம் இரண்டாம் முறை எழுந்து போனாள். “பாவம், அந்தப் பொண்ண மைதர் பண்ணாத,” என்றான். அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியவர் மாமனார் வில்ஃப் ப்ரீஸ். ஷ்ராப்ஷயர் பக்கத்து மலைச்சாலைகளில் தார் போட்டே வயதானவர். மனைவி இறந்ததும், பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அவர்கள் ஊரான டார்வெனுக்கு வந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் குடியேறினார். வந்த இரண்டாம் வருஷமே பிள்ளையைப் புதைத்தார். அதிகம் பேசாத மனிதர். லொரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து நாலு மணிக்குத் தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடி எடுத்துப் போவாள். அவர் சாப்பிடுகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

செப்டம்பரில் ஒருநாள் போனபோது அவர் அடுப்பங்கரையில் வெறும் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“மாத்திரை போட்டீங்களா டாட்? காலைல போட்டது எந்த டப்பா? ரேடியேட்டர் ஏன் இப்படிச் சில்லுனு கிடக்கு? அந்த ஆள வரச் சொல்லட்டுமா?”

வில்ஃப் கெட்டிலை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “மைதர்டா இருக்கு, பொண்ணே. ரொம்ப மைதர்டா இருக்கு.”

நச்சரிப்புத் தாங்கவில்லை என்கிறார்; அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை தாண்டியும் முகம் எரிந்தது. அப்பனும் பிள்ளையும் ஒரே மாதிரி என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அவர் அதையே சொன்னார். அவள் தினமும் போவதை நிறுத்தி, புதனும் ஞாயிறும் மட்டும் போனாள். பிறகு ஞாயிறு மட்டும்.

அக்டோபர் கடைசியில் வில்ஃப் தானாகவே போன் செய்தார். அவர் போனை எடுக்கிறவரே அல்ல.

“லொரெய்னா?”

“ஆமா டாட். என்ன?”

“இன்னிக்கும் மைதர்டா இருக்கு, பொண்ணே. காலைலேர்ந்து.”

“நான் இன்னிக்கு அங்க வரவே இல்லையே! சரி, புரியுது டாட். இனிமே உங்கள நான் தொந்தரவு பண்ணல. ஏதாவது வேணும்னா நீங்களே கூப்பிடுங்க.”

“சரி,” என்றார் அவர்.

தொந்தரவு பொறுக்காத மனிதர் வலிய எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. அவர் மறுபடி கூப்பிடவும் இல்லை.

நவம்பர் இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். வில்ஃப் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்றாள். ஒரு பகலும் இரண்டு இரவும் தேடினார்கள். ஊருக்கு மேலே புல்வெளிமேட்டில், ஆட்டுக்காகக் கட்டிய ஒரு கல்சுவரின் அடியில் கிடைத்தார். காலில் வீட்டுச் செருப்பு. கோட்டுப் பையில் ஷ்ராப்ஷயர் வீட்டின் பழைய சாவி.

மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்திலிருந்து சக்டன் என்பவர் வாக்குமூலம் வாங்க வந்தார். டார்வென்காரர்தான். லொரெய்ன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

“மைதர். அத ‘ஐ’ போட்டு எழுதவா, ‘ஒய்’ போட்டு எழுதவா? எங்கம்மா ‘ஒய்’ போடுவாங்க.”

“எனக்கு எது போட்டா என்ன?”

“எம், ஐ, டி, ஹெச்னே போட்டுடறேன். யாரும் கேக்கப் போறதில்ல.”

தன்னை யாரும் மைதர் பண்ண வேண்டாம் என்று அவர் பலமுறை சொன்னதால் நான் ஒதுங்கிக்கொண்டேன் என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை ஜனவரியில் நடந்தது. வில்ஃபின் தங்கை எனிட் இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள். எழுபத்தொன்பது வயசு, குச்சி மாதிரி உடம்பு. லொரெய்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையில் ஒரு பெப்பர்மின்ட்டைத் திணித்தாள். விசாரணை அதிகாரி தெற்கத்திக்காரப் பெண்மணி. வாக்குமூலத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“மிஸஸ் ப்ரீஸ், இந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்ல. பதிவுக்காகக் கேக்கறேன், என்ன அர்த்தம்?”

“நச்சரிக்கிறதுங்க. ஈ மாதிரி மொய்க்கிறது. நான் அவர ரொம்பப் பிடுங்கறேன்னு சொன்னார்.”

“சொல்லியிருக்க மாட்டான்,” என்றாள் எனிட், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“நீங்க?”

“தங்கச்சி. எங்க வில்ஃப் ஆயுசுல ‘மைதர்’னு சொன்னதில்ல. அது இந்தப் பக்கத்துப் பேச்சு. கிளைவ் பத்தொம்பது வயசுல இங்க வந்து இவங்க மாதிரியே பேசக் கத்துக்கிட்டான். வில்ஃப் அப்படியில்ல. அவன் சொல்றது ‘மொய்தர்’. நடுவுல ஒரு ‘ஓ’ வரும்.”

“இரண்டும் வேற வேற அர்த்தமா?”

“எங்க பக்கத்துல மொய்தர்னா புத்தி கலங்கிப்போறது. எங்க இருக்கோம், என்ன நாள்னு தெரியாமப் போறது. எங்கம்மா கடைசி ரெண்டு வருஷம் மொய்தர்டாத்தான் இருந்தா. செத்துப்போனவங்களுக்கெல்லாம் சேத்து மேசைல தட்டு வைப்பா.”

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“மிஸஸ் ப்ரீஸ், அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. அவர் சொன்னது எது?”

லொரெய்னுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் பிடிக்காத அந்தக் கெட்டிலும், நெற்றியில் வைத்த கையும், இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரலும் தானாகவே வந்தன. அந்த ‘ஓ’ அப்போதும் அங்கேதான் இருந்தது. அவள் அதைத் தன் வீட்டுச் சொல்லாக மாற்றிக் கேட்டிருந்தாள்.

“ஓ இருந்துச்சுங்க,” என்றாள். “அவர் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் இருந்திருக்கார்.”

விபத்து மரணம், மனக்குழப்பத்தில் வழி தவறியது என்று முடிவெழுதினார்கள். யார்மீதும் குற்றமில்லை என்று விசாரணை அதிகாரி அவளைப் பார்த்தே சொன்னார். வாக்குமூலத்தில் சக்டன் அந்தச் சொல்லை அடித்துத் திருத்தி எழுதினார். திருத்தும்போது அவர் தலை நிமிரவே இல்லை.

எனிட்டின் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மழைக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் போனார்கள். உட்காரும் முன்பே லொரெய்ன் வட்டாரச் சொல்லகராதி கேட்டாள். அது வேறு சொல், இது வேறு சொல், யாராக இருந்தாலும் குழம்பியிருப்பார்கள் என்று அதில் எங்காவது எழுதியிருக்கும் என்று அவள் நம்பினாள்.

அப்படி எழுதியிருக்கவில்லை. இரண்டும் ஒரே சொல்தான், ஊருக்கு ஊர் எழுத்து மாறும் என்று இருந்தது. எழுதும் விதமே ஏழெட்டு கொடுத்திருந்தார்கள். நச்சரி, அலைக்கழி, களைத்துப்போ, பிதற்று, சித்தம் கலங்கு, எல்லாமே அதற்கு அர்த்தம். வேல்ஸ் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று அதில் ஓர் அறிஞர் சொல்லியிருந்தார். கலங்கல் என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து என்றார் இன்னொருவர். கடைசி வரியில், மூலம் தெரியவில்லை என்று போட்டிருந்தது.

“அவங்களுக்கே தெரியல,” என்றாள் லொரெய்ன்.

எனிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரூம்ல சொல்லல. ஆகஸ்ட்ல எனக்கும் போன் பண்ணினான். மொய்தர்டா இருக்கு எனிட்னான். எனக்கு அர்த்தம் தெரியும், லொரெய்ன். அம்மாவப் பாத்தவ நான். கொஞ்ச நேரம் படுத்துக்கோடான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“மறுபடி அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அப்புறம் நாலு தடவை பண்ணினான். நான் எடுக்கல.”

லொரெய்ன் அகராதியை மூடினாள். இவளைத் திட்டலாம் என்று தோன்றியது, கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. குடையைப் பிடித்து ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டாள். வழியில் எனிட் ஏதோ சொல்ல இரண்டு முறை வாயெடுத்தாள். லாரிகளின் இரைச்சலில் கேட்கவில்லை. ரயில் வந்ததும் எனிட் ஏறி, நடைமேடைப் பக்கம் பார்க்காத இருக்கையில் உட்கார்ந்தாள்.

மாதக் கடைசிக்குள் வில்ஃபின் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. லொரெய்ன் தினமும் நாலு மணிக்குப் போய்ச் சட்டைகளை மடித்துப் பைகளில் போட்டாள். வெறும் வீட்டில் அவள் எதையும் சத்தமாகக் கேட்கவில்லை. கடைசிப் பையைக் கட்டியதும், போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, விளக்கை அணைத்தாள்.