நோயாளி கேட்டால்

எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் அணைத்தேன். பல் தேய்த்துக் குளித்தேன். பால் பொங்கி அடுப்பில் கொட்டியது, துடைத்தேன். ரொட்டி இரண்டு துண்டு. அத்தை போன் செய்து, "சாப்பிட்டீங்களா மாப்ளே?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடாத நாட்களிலும் அதையேதான் சொல்கிறேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

மச்சான் காரில் காத்திருந்தார். என் மனைவியின் அண்ணன். அவள் செத்த பிறகு இந்த விஷயத்தை நடத்துவது அவர்தான். மருத்துவச் சீட்டோடு வருகிறவரிடம், எந்த மாத்திரையை எப்போது, எப்படிப் போடுவது என்று மருந்தாளுநரே விளக்கிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். அப்படி ஒரு சட்டம் வரப்போகிறது. மருந்துக்கடைக்காரர் சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னால் இரண்டே சொல் சேர்க்கச் சொன்னது: 'நோயாளி கேட்டால்'. சேர்ப்பதா வேண்டாமா என்று இன்று ஒரு குழு விசாரிக்கிறது.

வண்டி நகர்ந்ததும் மச்சான் ஒரு தாளை நீட்டினார். நான் பேச வேண்டியது.

"ஒருவாட்டி வாய்விட்டுப் படிங்க மாப்ளே."

கடைசி வரிக்கு வந்தேன். மருத்துவமனைப் படுக்கையில் அவள் கடைசியாகச் சொன்னதாம்: 'இது என்னோடு முடியட்டும். இனி யாருக்கும் இப்படி நேரக் கூடாது.'

"இப்படி அவ சொல்லல மச்சான்."

"சொல்லியிருப்பா."

"சொல்லல."

"நோட்டீஸ்லயே அடிச்சுக் கொடுத்தாச்சு. உங்களுக்கு ஊர் நடப்பே தெரியாது மாப்ளே. நாலு பேர் கண்ணைக் கசக்கினாத்தான் காரியம் நடக்கும். ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி ஒப்பிச்சிட்டு வந்துராதீங்க."

வீட்டில் யாராவது இப்படி நீட்டி முழக்கினால், "மைக்கு கொண்டு வரவா?" என்று கேட்பவள் அவள். இந்த அண்ணனிடமே எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

விசாரணை அறையில் ஏசி ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. நீள மேஜைக்குப் பின்னால் குழுத் தலைவியும் இன்னும் நான்கு பேரும். முதலில் சங்கத் தலைவர் எழுந்தார். தாட்டியான ஆள்.

"அம்மா, சாயங்காலமானா கடை வாசல்ல கூட்டம் நெரியும். வர்றவங்க அத்தனை பேருக்கும் நின்னு பிரசங்கம் பண்ணினா, பின்னால நிக்கிறவருக்கு மருந்து வாங்காமலே இருமல் நின்னுரும்."

அறை சிரித்தது. தலைவிகூடச் சிரித்தார்.

"கேட்டா சொல்லாமலா போறோம்? வாய் இருக்குல்ல, கேக்கட்டும்."

அடுத்து, அவளுக்கு மாத்திரை கொடுத்த மருந்தாளுநர். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"நான் சொல்லாம இல்லீங்க. சொல்லித்தான் கொடுத்தேன். நாளைக்கு ஒண்ணுன்னு சொன்னேன்."

உண்மை. சொன்னார். விரல் மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை அது. திங்கள்தோறும் ஒன்று, வாரத்துக்கு ஒன்றே ஒன்று. டாக்டர் அதைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, "எப்படிப் போடணும்னு கடையில சொல்லுவாங்க" என்று அனுப்பினார். அவள் கடைக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் என்பதால் மருந்தாளுநர், நாளைக்கு ஒண்ணு என்றார். மிச்சத்தை டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவள் என்னிடம் சொன்னதும் அதுதான்: "நாளைக்கு ஒண்ணாம்." தினம் ஒன்று என்றுதான் அவளுக்குப் புரிந்தது. எனக்கும் அப்படித்தான் புரிந்தது. அந்த மாத்திரையைத் தினமும் போட்டால் ரத்தம் ஊறுவது நின்றுபோகும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

குழுவில் இருந்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவர் விளக்கம் கொடுத்திருக்கார். சட்டம் இருந்திருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் சங்கத் தலைவர். "அந்தம்மா ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா முடிஞ்சுது."

மச்சான் என் காலை மிதித்தார். எழுந்தேன். தாளை எடுக்கவில்லை.

"அவ கேக்கலதான். சந்தேகம் வந்தவங்கதான் கேப்பாங்க. அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. பத்து வாரத்துக்கு வர வேண்டிய மாத்திரை அட்டை பத்து நாள்ல தீர்ந்துது. வாயெல்லாம் புண்ணு. அதோடயே அதே கடைக்குப் போயி இன்னொரு அட்டை வாங்கினா. கொடுத்தாங்க. அப்பவாவது ஒருத்தர், 'எப்படிம்மா போடுறீங்க?'ன்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. கேக்க வேண்டியது கடையில இருக்கிறவங்க. அந்த ரெண்டு வார்த்தையச் சேக்காதீங்க."

யாரும் கண்ணைக் கசக்கவில்லை. வக்கீல் எதையோ எழுதினார்.

தலைவி நோட்டீஸைக் கையில் எடுத்தார். "இதுல, கடைசியா அவங்க சொன்னதுன்னு போட்டிருக்கே. அது அவங்க சொன்னதுதானா?"

மச்சான் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொன்னால் போதும். தலைவியின் குரல் இளகியிருந்தது. இல்லை என்றால் எங்கள் தரப்பு மொத்தமும் புளுகு என்று ஆகிவிடும். சங்கத் தலைவர் இப்போதே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இல்லீங்க. அது எழுதினது."

"பாத்தீங்களாம்மா?" என்றார் சங்கத் தலைவர்.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவி நோட்டீஸைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப என்னதான் சொன்னாங்க?"

சொன்னேன். மூச்சுவிடக் குழாய் செருகுவதற்கு முன்னால் வார்டு டாக்டர் குனிந்து, என்ன மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள், ஒழுங்காகப் போட்டாளா என்று கேட்டார். அவளிடம் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உதடு வெடித்திருந்தது. இருந்தும், வீட்டுப்பாடம் முடித்து வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."