ஒன்பதாம் கேள்வி

காலை எட்டு மணிக்கு ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. மதியம் இரண்டு மணிக்கு உடலியல் தேர்வு. ஒரே நாளில் இரண்டையும் வைத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். உடலியலில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். மூன்றாவது முறையும் போனால் அணியில் இடமில்லை என்று கல்லூரி முதல்வர் எழுதியே கொடுத்துவிட்டார்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெச்சா இப்படித்தான்" என்றாள் அம்மா, போனில். இருப்பதே இரண்டு கால், அவற்றை வைத்துத்தான் ஓடுகிறேன் என்று வாய்வரை வந்தது. சொன்னால் விஷயம் அப்பாவிடம் போகும்.

வழி கண்டுபிடித்தவள் என் அறைத்தோழி சோடாபுட்டி. "உனக்கு உட்கார்ந்தா மண்டையில ஏறாது. ஓடிக்கிட்டே படி" என்று பன்னிரண்டு கேள்விகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். ஐயாயிரம் மீட்டர் என்றால் மைதானத்தைப் பன்னிரண்டரை முறை சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு விடை. முதலில் வரும் அரைச் சுற்றுக்கு என் தேர்வுப் பதிவெண். ஒரு மாதம் இப்படியே ஓடினேன். சுற்றுகளை எண்ணும் வேலையும் மிச்சம். பன்னிரண்டாம் விடை வாயில் வந்தால் கடைசிச் சுற்று, உயிரைக் கொடுத்து ஓட வேண்டியதுதான்.

ஒன்பதாம் கேள்வி மட்டும் எனக்கு வேப்பங்காய். தசைகள் ஏன் சோர்வடைகின்றன?

"எனக்குத்தான் சோர்வே வராதே. வராத சங்கதிய எதுக்குடி படிக்கணும்?"

"வாய்க்கொழுப்பு! கண்டிப்பா இதுதான் வரும், பாரு."

அவள் காதில் விழாத தூரத்தில் ஓடும்போது, ஒன்பதாம் சுற்றுக்கு விடைக்குப் பதிலாக ஒரு சினிமாப் பாட்டைப் பாடி ஒப்பேற்றினேன்.

போட்டி நாளில் முதல் வரிசையில் உடலியல் பேராசிரியை உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் பாட்டு பறந்துவிட்டது. எட்டு முடிந்ததும் நாக்கு தானாகப் பத்துக்குத் தாவியது. எனக்குத் தெரியவே இல்லை. பன்னிரண்டாம் விடை வந்ததும் பிடித்தேன் ஓட்டம். எல்லோரையும் முப்பது மீட்டர் பின்னால் தள்ளி, கோட்டைத் தாண்டி, இரண்டு கைகளையும் தூக்கி நின்றேன்.

டங் டங் என்று மணி அடித்தது. கடைசிச் சுற்று தொடங்குகிறது என்பதற்கான மணி.

"இன்னும் ஒரு சுத்து இருக்கும்மா" என்றார் மணி அடித்தவர், ரொம்ப மரியாதையாக. அதற்குள் இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

ஓடினேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. வேலியோரமாக சோடாபுட்டி என்னோடு ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஒன்பத முழுங்கிட்டியேடி பாவி! ஆக்சிஜன் பத்தல! அமிலம் சேருது! தசை சுருங்க மாட்டேங்குது! சொல்லுடி!"

சொன்னேன். வாய் சொன்னதையெல்லாம் கால் ஒத்துக்கொண்டது. மூன்றாவதாக வந்து விழுந்தேன்.

மதியம் வினாத்தாளில் முதல் கேள்வியே அதுதான். பதினைந்து மதிப்பெண். நாலு பக்கம் எழுதினேன், பேனா நிற்கவில்லை.

முடிவு வந்த அன்று பேராசிரியை என்னைக் கூப்பிட்டு விடைத்தாளை நீட்டினார். "பதிமூணு போட்டிருக்கேன். நாலாம் பக்கத்துல 'ஐயோ அம்மா'ன்னு எழுதியிருக்க. அது எந்தப் பாடத்துல வருது? அதுக்கு ரெண்டு மார்க் குறைச்சிட்டேன்."

மொத்தம் நாற்பத்தொன்று. தேர்ச்சிக்கு நாற்பது போதும். அவர் காலில் விழலாம் போலிருந்தது, முட்டிதான் மடங்கவில்லை.

பயிற்சியாளர் என்னோடு பேசியே ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் காலை மைதானத்தில்தான் வாயைத் திறந்தார். "பாஸ் பண்ணிட்ட, சந்தோஷம். எண்ணத் தெரியுமா? பதிமூணு சுத்து ஓடு. ஒவ்வொண்ணையும் சத்தமா எண்ணு."

ஒன்பதாம் சுற்றில் கேட்டார், "என்ன, சோர்வா இருக்கா?"

"ஆமா சார்" என்றேன். "ஏன்னு சொல்லவா?"