மீனெண்ணெயும் புது எலியும்

பெட்டிக்கு மூன்று அறைகள். ஒரு ஓரத்தில் கம்பிக்கூண்டுக்குள் புது எலி; மறு ஓரத்தில் வெறும் கூண்டு. நடு அறையில் விடும் எலி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் சோதனை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் சில தெரியும்படி வளர்த்த எலிகள் புது எலியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மீனெண்ணெய் கலந்த தீனி தின்றவை மட்டும் நேரே அதனிடம் ஓடின.

துறைத்தலைவர் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பத் துடித்தார். ஆய்வை நடத்தியவளுக்கோ கூண்டைக் கழுவும்போது மூக்கில் ஏதோ உறுத்தியது. புது எலியின் மேலும் மீன் வாடை.

"இதுக்கு என்ன தீனி போட்டே?"

உடன் வேலை பார்த்தவள் அவளுடைய நாத்தனார். "மிச்சமானதைத்தான், அண்ணி. வீட்டுல ஒரு பருக்கை மிஞ்சினாலும் திட்டுறது நீங்கதானே?"

"அதை இங்கயா வந்து காட்டணும்? நம்ம எலிங்க புது எலியைத் தேடிப் போகலடி. தின்னு பழகின வாசனையைத் தேடிப் போயிருக்கு."

விஷயத்தைக் கேட்ட தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்கிறீங்களே! இன்னும் ஒரே தடவை. அதுலயும் ஒண்ணும் வரலன்னா ஆய்வை மூடிடுவேன்."

இந்த முறை புது எலிகளுக்குச் சாதாரணத் தீனி. போதாதென்று, வெறும் கூண்டுக்குள் மீனெண்ணெயில் நனைத்த பஞ்சையும் வைத்தாள்.

"அண்ணி, நமக்கு நாமே குழி வெட்டுறோம்."

"விழுந்தா நாம விழுவோம். நாளைக்கு யாரோ ஒரு அம்மா இதை நம்பிப் புள்ளைக்குக் கொடுத்து ஏமாறக்கூடாது."

எந்த எலி எதைத் தின்றது என்று நாத்தனாருக்கு மட்டுமே தெரியும். அவள் எலிகளைப் பெட்டிக்குள் விட்டாள்; அண்ணி அடுத்த அறையில் திரையின் முன் உட்கார்ந்தாள். புது எலியிடம் போனவை வலது தட்டுக்கு, மற்றவை இடது தட்டுக்கு என்று ஏற்பாடு.

முதல் எலி மூலையில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டது. "இடது!" அடுத்தது பஞ்சிடம் போய் முகர்ந்தது. அண்ணி திரையை நெருங்கிக் குனிந்தாள். எலி மீசையை ஆட்டியது, திரும்பியது, நடு அறையைக் கடந்து புது எலியின் கம்பியில் மூக்கை நுழைத்தது. உள்ளிருந்தும் ஒரு மூக்கு வந்தது. இரண்டும் அப்படியே நின்றன.

"வலது!" என்று கத்தினாள் அண்ணி.

எல்லாம் முடிந்து அவள் கதவைத் திறந்தபோது நாத்தனார் வலது தட்டின் முன் குதித்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு சோம்பேறியைத் தவிர நம்ம மீன்காரப் பசங்க எல்லாரும் இங்கதான், அண்ணி!"

சத்தம் கேட்டுத் தலைவர் ஓடி வந்தார்.

"எலிக்குத்தான் சார். மனுஷனுக்கு இன்னும் ரொம்ப தூரம்" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"இருக்கட்டும்மா. இது உண்மைன்னு இப்ப நானே அடிச்சுச் சொல்வேன்!"

நாத்தனார் தீனி டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "மிச்சத்தை என்ன பண்ண?"

"குப்பையில கொட்டு!"

பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத சொல் அது.