சும்மா இருக்கப் போன மூன்று நாள்

என் கணவன் லாசர் முப்பத்து நான்கு வருடம் கோர்னா ஒர்யாகோவிட்சா ரயில் சந்திப்பின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன். எந்த வண்டி எந்தப் பாதையில் வர வேண்டும், எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எதற்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அவன் சொன்னால்தான் நடக்கும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு அவன் கையில் மிஞ்சிய ஒரே வண்டி நான்தான். கடைக்குப் போய்த் திரும்ப ஏன் நாற்பது நிமிடம் ஆயிற்று என்று வாசலிலேயே கேட்பான்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் தலைசுற்றித் தக்காளி நாற்றுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். ரத்த அழுத்தம். டாக்டர் கிறிஸ்தோவா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "எங்கயாவது ஒரு ஊருக்குப் போயி மூணு நாள் சும்மா இருங்க. ஒண்ணுமே செய்யக் கூடாது" என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சும்மா இருக்கணும்?" என்று லாசர் கேட்டான்.

டாக்டர் பேனாவை மூடினாள். என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு தடவ பிரஷர் பாத்துக்குங்கம்மா" என்றாள்.

பிளோவ்திவ் போகலாம் என்று சொன்னது நான்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு அவசரம் என்பதே கிடையாது. காலையில் காப்பிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருப்பதற்கு 'அய்லியாக்' என்று ஒரு பெயரும் வைத்து, அதில் பெருமையும் பட்டுக்கொள்வார்கள். லாசருக்கு அந்தக் காற்று பட்டாலே போதும் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு இடைஞ்சல், ஸ்லாவ்கா அக்கா. என் பெரியப்பா மகள். பிளோவ்திவில் திராக்கியா பகுதி அடுக்குமாடியில் புருஷன் பெட்கோவோடு இருக்கிறாள். தங்கமான மனுஷி. ஆனால் விருந்தாளி என்று ஒருவன் கையில் சிக்கிவிட்டால் விடமாட்டாள். கடைசியாக நாங்கள் போயிருந்தபோது இரண்டு நாளில் பதினோரு வேளை சாப்பிட்டோம். நடுநடுவே மடாலயம், ஒயின் கிடங்கு, அவள் மாமியார் கல்லறை. மிச்ச நேரத்தில் அவள் மகனின் கல்யாண வீடியோ, அதுவும் முழுசாக. ஊர் திரும்பிய பிறகு லாசர் நாலு நாள் வெறும் தயிரில் உயிர் பிழைத்தான்.

"அக்காவுக்குச் சொல்லப் போறதில்ல" என்றேன்.

"சொல்லாமப் போறதுன்னா அதுக்குத் திட்டம் வேணும்" என்று லாசர் எழுந்து கட்டம் போட்ட நோட்டைத் தேடினான். மூன்று மாதத்தில் அவன் முகத்தில் வெளிச்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

திட்டம் ஒன்பது பக்கம் வந்தது. பிளோவ்திவ் வரைபடத்தில் ஸ்லாவ்கா அக்கா நடமாடும் வழிகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் குறித்தான். திங்கட்கிழமைச் சந்தை, முடிவெட்டும் கடை, தேவாலயப் பாட்டுக்குழு எல்லாம் அதில் இருந்தன. என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். இன்னொரு தாளில் கால அட்டவணை. பத்து மணியிலிருந்து பதினொன்று இருபது வரை சும்மா இருத்தல், காப்பிக்கடையில். பதினொன்று இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை இடம் மாறுதல். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஐம்பது வரை சும்மா இருத்தல், நிழலில். மழை பெய்தால் எங்கே சும்மா இருப்பது என்பதற்குத் தனியாக ஒரு பக்கம்.

"லாசர், ஓய்வெடுக்கப் போறோமா, படை எடுக்கப் போறோமா?"

"திட்டம் இல்லாம ஓய்வெடுத்தா நேரம் வீணாப் போயிடும் நெவேனா."

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்லாவ்கா அக்காவே போன் செய்தாள். வழக்கத்தைவிடக் குரல் கொஞ்சம் மேலே இருந்தது.

"வர்ற வெள்ளி, சனி எல்லாம் வீட்லதான இருப்ப?"

"வேற எங்கக்கா போவேன்? தோட்டத்துல தலைக்கு மேல வேலை கிடக்கு."

"நாங்க பொமோரியேக்குப் போறோம். கடல் காத்து வாங்கிட்டு வரலாம்னு. போன் எடுக்கலன்னா கவலப்படாத."

எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. ஊரே நமக்குத்தான் என்று லாசரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தச் சிவப்புக் கோடுகளையே பார்த்தான். "அப்போ இதெல்லாம் தண்டமா?" என்றான். பிறகு, "மே மாசத்துல யாரு கடலுக்குப் போவாங்க?" என்றான். நான் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை கிளம்பினோம். மலைக்கு நடுவில் ரயில் நின்றுவிட்டது. லாசர் கடிகாரத்தைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, எங்கே யார் தப்பு செய்திருப்பார்கள் என்று எதிர் இருக்கைப் பெண்ணுக்கு விளக்கினான். அவள் தன் சுவெட்டரைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாற்பத்தேழு நிமிடம் தாமதம். பிளோவ்திவில் இறங்கும்போது அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

பழைய நகரத்தில், மேல்மாடி தெருவுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு நீல வீட்டில் அறை எடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க அட்டவணைப்படி நடந்தது. காப்பிக்கடையில் எனக்கு நன்றாக இருந்தது. லிண்டன் மரம் பூக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்து மேஜையில் இரண்டு பேர் ஒரே பேப்பரை மாற்றி மாற்றிப் படித்தார்கள். லாசர் மட்டும் பல் டாக்டர் வீட்டில் காத்திருப்பவன் மாதிரி நாற்காலி நுனியில் இருந்தான்.

"இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் சும்மா இருக்கணும்" என்றான். நெற்றியில் வேர்வை.

சனிக்கிழமை காலை கப்பானா சந்துகளுக்குள் நடந்துகொண்டிருந்தோம். ரொட்டிக்கடை வாசலில், மீன்பிடிக்கிறவர்கள் போடும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு ஆள் பனிட்சா ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பாலாடைக்கட்டி மீசையில் ஒட்டியிருந்தது. அந்த மீசையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"லாசர், பெட்கோ" என்றேன்.

"பொமோரியேல இருக்கான்."

"பொமோரியேல இல்ல. பன்னண்டு அடி தள்ளி நிக்கிறான்."

லாசர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்தான். அங்கிருந்து படிக்கட்டு, படிக்கட்டுக்கு மேலே அந்தப் பாழாய்ப்போன கூழாங்கல் தெரு. ஒவ்வொரு கல்லும் பூனை முதுகு மாதிரி வளைந்திருக்கும். என் செருப்பு இரண்டு தடவை கழன்றது. சுற்றுலாக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டாக்டர் கிறிஸ்தோவா பார்த்திருந்தால் தன் தொழிலையே விட்டிருப்பாள்.

நெபெட் தெபே குன்றின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் மூச்சு விட்டோம். இடிந்த கோட்டைச் சுவர்கள், புல், கீழே ஊர். ஒரு சுவரின் நிழலுக்காக வளைந்து திரும்பினேன். அங்கே ஸ்லாவ்கா அக்கா ஒரு கல்லின்மேல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"தோட்ட வேலை முடிஞ்சுதா?" என்றாள்.

"கடல் எப்படி இருக்கு அக்கா?" என்றேன்.

அந்த நேரத்தில் பெட்கோ மூச்சிரைக்க மேலே வந்தான். "ஸ்லாவ்கா, எழுந்திரு, நெவேனாவும் லாசரும் கீழ சுத்துறாங்க, நம்மளத் தேடித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் லாசரைப் பார்த்ததும் நின்றான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"வாய்யா சகலை" என்றான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

விஷயம் இதுதான். விதினில் இருக்கும் பெட்கோவின் தங்கை இஸ்க்ரா, புருஷன், மூன்று பிள்ளைகள், மாமியார் என்று ஆறு பேராகக் கிளம்பி, பிளோவ்திவில் 'நிதானமாக' மூன்று நாள் இருக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். கடலுக்குப் போகிறோம் என்று ஸ்லாவ்கா அக்கா பொய் சொல்லிவிட்டாள். அப்படியும் அவர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். வீட்டில் ஒளிந்திருக்கவும் வழியில்லை. இஸ்க்ராவின் சிநேகிதி அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. அதனால் சொந்த ஊரிலேயே பழைய நகரத்தில் ஒரு அறை எடுத்திருக்கிறார்கள்.

"ஏங்க்கா, உனக்குத்தான் விருந்தாளின்னா உயிராச்சே" என்றேன்.

"யாரு சொன்னா?"

"போன தடவ நாங்க வந்தப்போ பதினோரு வேளை சமைச்சியே."

"நீங்க பதினோரு வேளையும் தட்டை வழிச்சு வச்சீங்களே. இன்னும் பசிபோலன்னு மறுபடி மறுபடி அடுப்பு மூட்டினேன். நீங்க போன அன்னிக்கு ரெண்டு முழங்காலும் வீங்கிப் படுத்துட்டேன்டி."

"மிச்சம் வச்சா உன் மனசு கஷ்டப்படும்னு தின்னோம் அக்கா. லாசர் நாலு நாள் எழுந்திரிக்கல."

"அந்தக் கல்யாண வீடியோ?" என்று லாசர் மெதுவாகக் கேட்டான்.

"நீதான சகலை, அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்த" என்றான் பெட்கோ.

"எப்ப முடியும்னு தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

ஸ்லாவ்கா அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு எனக்கு அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பதினைந்து வருடம் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை செய்தே கொன்றிருக்கிறோம்.

பெட்கோவின் போன் சத்தம் போட்டது. இஸ்க்ரா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ரோமானியர் கட்டிய அரங்கத்தின் படிகளில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே, 'நீங்கள் இல்லாதது ஒன்றுதான் குறை. அடுத்தது நெபெட் தெபே' என்று எழுதியிருந்தது.

"அரங்கத்துலேருந்து இங்க பத்து நிமிஷம்" என்று பெட்கோ கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டினான். "பிள்ளைங்க ஓடி வந்தா ஏழு."

நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் கிளம்பப் பார்த்தோம். "நில்லுங்க" என்றான் லாசர். அந்தக் குரலை நான் கட்டுப்பாட்டு அறைக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் கேட்டிருக்கிறேன். சத்தம் இருக்காது, ஆனால் யாரும் அசைய மாட்டார்கள். சுவர்மேல் ஏறி நின்று ஊரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான்.

"தெற்குத் தெரு அவங்களுக்கு. அத விட்டுருங்க. நாம வடக்குச் சரிவுல ஆத்துப் பக்கம் இறங்கறோம். நெவேனாவும் ஸ்லாவ்காவும் முதல்ல. ரெண்டு நிமிஷம் கழிச்சு நானும் பெட்கோவும். பெட்கோ, அந்தத் தொப்பிய என்கிட்ட குடு, உன் மீசை போதும் ஊரைக் கூட்ட. ஸ்லாவ்கா, செருப்ப இறுக்கிப் போட்டுக்க. வழியில பேச்சு கிடையாது."

"எனக்குத் தாகமா இருக்கு" என்றாள் ஸ்லாவ்கா அக்கா.

"கீழ போனப்புறம். இப்போ கிளம்பு."

இறங்கினோம். பாதி வழியில் மேலே பிள்ளைகள் கத்தும் சத்தமும், "ஐயோ, காலே போச்சு, எங்க உக்காரறது" என்று இஸ்க்ராவின் குரலும் கேட்டன. ஸ்லாவ்கா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதில் பக்கத்து வீட்டுச் செர்ரி மரத்திலிருந்து இறங்கியபோது பிடித்த மாதிரியே.

மாரித்சா ஆற்றங்கரையில், நாலு மேஜையே உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் பின்பக்கமாக உட்கார்ந்தோம். லாசரும் பெட்கோவும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். லாசரின் முகம் இளகியிருந்தது. தலையில் அந்த மீன்பிடித் தொப்பி. எல்லோருக்கும் தாராத்தோர் சொன்னோம். வெள்ளரிக்காயும் பூண்டும் போட்ட குளிர்ந்த தயிர் சூப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பரிமாறுகிறவர் சரி என்று உள்ளே போனார். வெளியே வரவில்லை. கதவு வழியாக அவர் யாருடனோ பகடை ஆடுவது தெரிந்தது.

கால் மணி நேரம் போயிற்று. அரை மணி நேரம் போயிற்று. லாசர் கடிகாரத்தைப் பார்ப்பான், எழுந்து உள்ளே போவான், எங்கே யார் தப்பு செய்தார்கள் என்று ஆரம்பிப்பான் என்று காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் தாடை நெஞ்சில் படிய, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக சூப் வந்தது. "ஐயாவை எழுப்பட்டுமா?" என்று பரிமாறுகிறவர் குனிந்தார்.

"கைய வச்ச, கைய ஒடச்சிருவேன்" என்று ஸ்லாவ்கா அக்கா மெல்லிய குரலில் சொன்னாள்.

வெயில் நகர்ந்து லாசரின் முழங்காலுக்கு வந்தது. பெட்கோவும் பரிமாறுகிறவரும் சத்தமில்லாமல் மேஜைக்கு நிழல் தந்த பெரிய குடையை அடியோடு தூக்கி நகர்த்தி வைத்தார்கள். அரை மணிக்கு ஒருதரம் அப்படி நகர்த்த வேண்டியிருந்தது. சாயங்காலம் அவன் கண் விழித்தபோது குடையின் நிழல் முழுக்க அவன்மேல் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் வெயிலில், முகம் சிவந்து, பேசாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.