ஒரு சார்ட்டில் ஒரு நோயாளி

1961 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை, ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் குடியிருந்த தங்கையன், வயது நாற்பத்தொன்று, என்பவரின் பெயரில் குடும்பப் பராமரிப்பு ஆய்வு எண் 9 தொடங்கப்பட்டது.

ஆய்வு செய்ய வேண்டியவள் வள்ளிக்கண்ணு. தொட்டியத்து வாழை விவசாயி ஒருவரின் மகள். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்ஸ் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். வார்டில் கற்றால் மட்டும் போதாது என்று அந்த வருஷம் பள்ளியில் ஓர் ஏற்பாடு வந்திருந்தது. ஒவ்வொரு மாணவியும் வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் நோயாளி ஒருவரை வாரத்துக்கு இரண்டு முறை, பன்னிரண்டு வாரம் போய்ப் பார்த்துப் பதிவேடு எழுத வேண்டும். மெயின்கார்டுகேட்டில் டவுன் பஸ் ஏறி, பாலம் தாண்டி, கறுப்புத் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் திங்களும் வியாழனும் ஸ்ரீரங்கம் போய் வந்தாள்.

தங்கையன் அம்மா மண்டபம் சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். 1958-இல் லாரி மேலிருந்து சைக்கிள்களை இறக்கும்போது விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடை கைமாறிவிட்டது. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வைக்கும் ஸ்லேட் பலகை மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அது இப்போது கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தொங்கியது. அதில், 'இடது 8, வலது 10, நேர் 12' என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது.

முதல் நாள் வள்ளிக்கண்ணு தரையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்தாள். கைகழுவத் தண்ணீர் கேட்டாள். சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்தாள். தங்கையன் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"பேப்பர் மேல பைய வெக்கறீங்களே, எங்க வீட்டுத் தரை அவ்வளவு அழுக்கா நர்ஸம்மா?"

"இல்லைங்க ஐயா. அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்காங்க."

"அமிர்தம், கேட்டியா? நீ காலையில ரெண்டு தரம் கழுவுன தரை. நாளைலேர்ந்து பேப்பர் விரிச்சு என்னைய அதுமேல போட்டுடு."

அவர் மனைவி அமிர்தம் சிரிக்காமல், "பத்து மணி ஆச்சு" என்றாள்.

"வாடகை முடிஞ்சிடுச்சாம். வண்டியத் திருப்பப் போறா."

அமிர்தத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. அவள் ஒரு முழங்காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, அவருடைய இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த பழைய வேட்டியின் இரு முனைகளையும் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் அவரைத் திருப்பினாள். திருப்பிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு ஸ்லேட்டில் அழித்து எழுதினாள்.

வள்ளிக்கண்ணு முதுகையும் குதிகால்களையும் பார்த்தாள். மூன்று வருஷமாகக் கிடக்கும் உடம்பில் ஒரு சிவப்புத் தழும்புகூட இல்லை. வார்டில் பத்து நாளில் புண் வந்த முதுகுகளை அவள் பார்த்திருக்கிறாள். பதிவேட்டில் நோயாளிக்கு நான்கு பக்கம் இருந்தது. பராமரிப்பவருக்கு ஒரு வரி. 'மனைவி. திறமை: மிக நன்று' என்று எழுதினாள்.

மூன்றாவது முறை போனபோது அமிர்தம் அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். அங்கே கொடியில் துவைத்த துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு நாளைக்குப் பதினான்கு துணி என்று அமிர்தம் முன்பே சொல்லியிருந்தாள்.

"அந்தக் கண்ணாடிக் குச்சியை எனக்கும் ஒரு தரம் வெச்சுப் பாருங்க."

வள்ளிக்கண்ணு தெர்மாமீட்டரைக் கழுவி அவள் நாக்கின் அடியில் வைத்தாள். தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. காலை வேளைக்கு அதுவே அதிகம். அருகில் நின்றபோதுதான் ரவிக்கை தோளில் எவ்வளவு தொளதொளத்துக் கிடக்கிறது என்று தெரிந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"சாயந்தரமானா இன்னும் ஏறுது. சித்திரையிலேர்ந்து இருக்கும். இருமலும் இருக்கு. அவர் முன்னாடி இருமறதில்லை, இங்க வந்துடுவேன்."

"சளியில ரத்தம் வருதா?"

அமிர்தம் காய்ந்த துணி ஒன்றை எடுத்து மடித்தாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணுங்க. நெஞ்சை எக்ஸ்ரே போட்டோ எடுத்துப் பாக்கணும்."

"வந்தா, அங்கேயே படுன்னு சொல்லுவாங்க. சொன்னா நான் படுக்க முடியுமா? இன்ன வியாதின்னு தெரிஞ்சா வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லுவாரு. இவரைத் தூக்க ஒரு ஆள் வராது." துணியை மார்போடு வைத்துக்கொண்டாள். "அவரை ஒரு மாசம் எங்கயாவது சேர்த்துக்கச் சொல்லுங்க. அவரை விட்டுட்டு அன்னைக்கே நான் வர்றேன். அதுக்கு முன்னாடி வர மாட்டேன்."

வள்ளிக்கண்ணு அன்று மாலையே பள்ளியில் பாடம் நடத்தும் சிஸ்டர் பேட்ரிசியாவிடம் சொன்னாள். சிஸ்டர் பேட்ரிசியா கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு மாணவிகளின் இருபத்திரண்டு பதிவேடுகளை ஒருவராகத் திருத்திக்கொண்டிருந்தார்.

"முதுகெலும்பு கேஸை மூணு வருஷம் கழிச்சு யாரும்மா சேர்ப்பாங்க? குணமாகறதுக்கு இடம் இருக்கறவங்களுக்கே கட்டில் இல்லை."

"அந்த அம்மாவுக்கு டி.பி. மாதிரி தெரியுது சிஸ்டர்."

"ஓ.பி.-க்கு வரச் சொல்லு."

"வர மாட்டேங்கறாங்க சிஸ்டர். பதிவேட்டுல அதை எங்க எழுதறது?"

"எழுதாதே. ஒரு சார்ட்டில் ஒரு நோயாளி. முதல் வருஷத்திலேயே சொல்லியிருக்கேன் இல்ல?"

ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, அவள் காலையில் போகவில்லை. வகுப்பு முடிந்து, காய்ச்சல் ஏறும் நேரமான மாலை ஐந்து மணிக்குப் போனாள். தங்கையனுக்குத் தொண்ணூற்றெட்டரை இருந்தது. கொல்லைப்புறத்தில் அமிர்தத்துக்கு நூறு புள்ளி எட்டு. வள்ளிக்கண்ணு கூடத்துக்கு வந்து, தங்கையனின் காய்ச்சல் சார்ட்டில் நூறு புள்ளி எட்டு என்ற இடத்தில் புள்ளி வைத்தாள். பேனாவை மூடும்போது நிமிர்ந்தாள். அமிர்தம் பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்லேட்டில் மணி எழுதிப் பழகியவளுக்கு எண்கள் தெரியும். சார்ட்டைப் பார்த்தாள், வள்ளிக்கண்ணுவைப் பார்த்தாள். பிறகு தங்கையனின் தலையணையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

அடுத்த முறை அவளே முதலில் கொல்லைக்குப் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

மூன்று வாரத்தில் ஏழு புள்ளிகள் விழுந்தன. அவற்றைச் சேர்த்து இழுத்த கோடு, பாடப்புத்தகத்தில் இருக்கும் கோட்டைப் போலவே இருந்தது. 'இருமல் உண்டு. எடை குறைகிறது' என்று கீழே எழுதினாள். ஒவ்வொன்றும் உண்மை. மேலே இருந்த பெயர் மட்டும் வேறு.

செப்டம்பர் 8 அன்று சிஸ்டர் பேட்ரிசியா அந்தச் சார்ட்டை வகுப்பில் தூக்கிக் காட்டினார்.

"கவனிக்கறதுன்னா இதுதான். உணர்ச்சி இல்லாத நோயாளி, எனக்குக் காய்ச்சல்னு சொல்ல மாட்டார். நாமதான் கண்டுபிடிக்கணும். வள்ளிக்கண்ணு கண்டுபிடிச்சிருக்கா."

பின் பெஞ்சில் இருந்த ஹாஜிரா மெதுவாக, "தொட்டியத்துல வாழைத்தாரைத் தட்டிப் பாத்தே பழுத்துச்சான்னு சொல்லிடுவாங்களாமே, அந்தக் கை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வள்ளிக்கண்ணுவும் சிரித்தாள். டாக்டர் சார்ட்டைப் பார்த்து, சந்தேகக் காசநோய், உடனே சேர்க்கவும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை காலை வேன் வந்தது. தங்கையன் பயந்துபோயிருந்தார்.

"காய்ச்சலா? எனக்கா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள் வள்ளிக்கண்ணு.

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். காலை எலி கடிச்சப்பவே எனக்குத் தெரியலை. உள்ள என்னென்ன ஓடுதோ." பிறகு, "அமிர்தம், அந்த ஸ்லேட்டை எடுத்துக்கோ" என்றார்.

அமிர்தம் எடுத்துக்கொண்டாள். ஒரு துணிப்பையில் மாற்றுப் புடவை ஒன்றும் வைத்திருந்தாள். தான் படுக்கப்போகும் ஆஸ்பத்திரிக்கென்று அதை நான்கு நாளாகத் தனியே எடுத்து வைத்திருந்தது வள்ளிக்கண்ணுவுக்குத் தெரியும். வேனில் அவளும் அமிர்தமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆண்கள் வார்டு வாசலில் பொறுப்பு நர்ஸ் சீட்டை வாங்கிப் படித்தார்.

"கேஸுக்கு ஆள் யாரு?"

நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் இருந்த வார்டு அது. ஒவ்வொரு நோயாளியோடும் வீட்டு ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். பெட்பேன் எடுக்க, சோறு ஊட்ட, புரட்டிப் போட, மருந்துச் சீட்டோடு ஓட. ஆள் இல்லாமல் கேஸைச் சேர்ப்பதில்லை. அந்தக் கேள்வியை வள்ளிக்கண்ணுவே ஒரு வருஷமாகத் தினமும் அதே வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். ஆள் இல்லை என்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மூன்று வாரம் சார்ட்டில் புள்ளி வைத்தபோது அது ஒரு தடவைகூட அவள் நினைவுக்கு வரவில்லை. ஆய்வு வீட்டைப் பற்றியது. இது வார்டு.

"யாரும்மா ஆள்? சீக்கிரம் சொல்லுங்க."

"நான்தாங்க" என்றாள் அமிர்தம்.

ஸ்லேட்டைக் கட்டில் கம்பியில் கட்டினாள். புடவைப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வார்டுக் கட்டில் வீட்டுக் கட்டிலைவிட உயரம். முழங்காலை ஊன்ற முடியவில்லை. நின்றபடியே இழுத்துத் திருப்பினாள்.

மறுநாள் வள்ளிக்கண்ணு டியூட்டிக்கு முன்னால் போய், "அக்கா, நான் உங்களைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"சொன்னா?"

"உங்களைச் சேர்ப்பாங்க."

"அவரை?"

வள்ளிக்கண்ணு ஸ்லேட்டைப் பார்த்தாள். அமிர்தம் குரலைத் தாழ்த்தினாள். "போட்டோல ஒண்ணுமில்லைன்னா ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்களாம். பக்கத்துக் கட்டில்ல சொல்றாங்க. நீங்க சும்மா இருங்க. வீட்டுக்குப் போனா கட்டிலாவது தாழ்வா இருக்கும்."

வள்ளிக்கண்ணு சும்மா இருந்தாள். வார்டில் நான்கு மணிக்கொரு தரம் தங்கையனுக்குக் காய்ச்சல் பார்த்தார்கள். மூன்று நாளும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கைத் தாண்டவில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஒருவேளை தெர்மாமீட்டரில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் முதலில் சொன்னார்.

செப்டம்பர் 14, வியாழக்கிழமை காலை, பெருக்க வந்தவள் கட்டிலுக்கு அடியில் கிடந்த அமிர்தத்தை எழுப்பினாள். அமிர்தம் எழுந்து, தங்கையனைத் திருப்ப வேட்டி முனையைப் பிடித்தாள். இருமல் வந்தது. ஓடுவதற்குக் கொல்லைப்பக்கம் இல்லை. வாயைப் பொத்திய முந்தானையையும் மீறி ரத்தம் விரிப்பில் விழுந்தது.

பகல் பதினொரு மணிக்கு அவளுடைய எக்ஸ்ரே வந்தது. இரண்டு பக்க நுரையீரலும் பாதிக்கப்பட்டிருந்தன. டாக்டர் சார்ட்டை எடுத்துவரச் சொன்னார். சிஸ்டர் பேட்ரிசியாவும் வள்ளிக்கண்ணுவும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

"இந்த ஏழு புள்ளியும் யாரோடது?"

"அந்த அம்மாவோடதுங்க டாக்டர்."

சிஸ்டர் பேட்ரிசியா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் என்கிட்ட..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். வள்ளிக்கண்ணு ஒரு தடவை அவரிடம் சொல்லியிருந்தது இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

மாலையில் வள்ளிக்கண்ணு வார்டுக்குப் போனாள். தங்கையனிடம் யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். நேராகப் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்லேட்டில் காலையில் எழுதிய 'நேர் 6' அப்படியே இருந்தது.

"வேற ஆள் எடுத்துட்டுப் போன வண்டிக்கு என் பேரை எழுதிட்டீங்களே நர்ஸம்மா."

"மன்னிச்சிடுங்க ஐயா."

"உங்களைச் சொல்லலை. மூணு வருஷமா ரெண்டு மணிக்கொரு தரம் பக்கத்துல வர்றா. ஒரு கை எட்டற தூரம். நானும்தான் பாக்கலை." ஸ்லேட்டை நோக்கிக் கண்ணைத் திருப்பினார். "இப்ப மணி என்ன?"

"அஞ்சரைங்க."

"காலையிலேர்ந்து நேராவே கிடக்கேன்."

அவள் தனியாக முயன்றாள். வேட்டியின் முனைகளைப் பிடித்து, மூச்சை அடக்கி இழுத்தாள். பாதிதான் திரும்பினார். அடுத்த கட்டிலின் ஆள் வந்து கைகொடுத்தார். திருப்பியபின் இடுப்பெலும்புக்கு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவு சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாள். சிவப்பு மறையவில்லை.

செப்டம்பர் 18 அன்று அமிர்தம் காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டாள். அதே நாள் தங்கையன், சேர்க்கத்தக்க நோய் இல்லை, ஆளும் இல்லை என்ற குறிப்போடு வெளியேற்றப்பட்டார். முசிறிப் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் மருதை வாடகை வேனோடு வந்தார். ஸ்லேட் எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. வேனில் இடமில்லை என்று அதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார்.

வள்ளிக்கண்ணு ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். படிப்பில் ஆறு மாதம் கூட்டப்பட்டது. ஆய்வு எண் 9 ரத்து செய்யப்பட்டு, அந்த எண் பாலக்கரையில் ஒரு பிரசவக் கேஸுக்குக் கொடுக்கப்பட்டது. பதிவேட்டின் படிவம் மாற்றப்படவில்லை.

தங்கையன் படுக்கைப்புண்ணில் விஷம் ஏறி 1961 அக்டோபர் 23 அன்று இறந்தார். அமிர்தத்துக்குக் கடிதம் போட்டார்கள். சளியில் கிருமி இருந்ததால் அவளை அனுப்பவில்லை. 1962 ஜூன் மாதம் குணமானதாகச் சான்று பெற்று அவள் வெளியே வந்தாள்.