அக்கா பெயரில் போன குப்பி

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்ச நாள் போனால், உள்மனத் தூண்டுதலால் எழுதினேன் என்று மேடையில் பேச ஆரம்பித்துவிடுவேன். எங்கள் தொழிலில் அது சகஜம்.

கேட்டவர் ஒரு டாக்டர். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி ஆராய்ச்சி செய்கிறார். செவிலி எடுக்கும் மாதிரியும், பெண்கள் தனியறையில் தாங்களே எடுத்துக் கொடுக்கும் மாதிரியும் ஒரே அளவுக்கு நம்பகமானவையா என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் மனிதர் தண்ணீர் கேட்பதென்றாலும் முன்னுரை வாசிப்பார். "மாதிரிதான் ஆய்வின் ஆன்மா" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு.

ஆய்வில் சேரப் பெண்கள் தயங்குகிறார்கள், சின்னதாக ஒரு கதை எழுதிக் கொடுங்கள், கையேட்டில் போடுகிறோம் என்றார். நான் கேலிக் கட்டுரை எழுதுகிறவன் என்று நினைவூட்டினேன். கேலியும் இருக்கட்டும், ஆனால் ஆபாசம் வேண்டாம், பயம் வேண்டாம், சாவு வேண்டாம், முடிவு நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்றார். இவ்வளவையும் கழித்துவிட்டு மிச்சமிருப்பதை வைத்துச் சோப்பு விளம்பரம் எழுதலாம்.

இருந்தும் ஒப்புக்கொண்டேன். என் அக்கா வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலும் அந்த ஆய்வு நடந்திருந்தது. அவளைக் கேட்டால் வேடிக்கையாக ஏதாவது கிடைக்கும் என்று போனேன். கிடைத்தது. குழப்பம் அதற்குப் பிறகுதான்.

2

முதல் தொடக்கம்: அந்தச் சலவைக்கூடத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில் பொன்னாக

(அங்கே ஜன்னலே கிடையாது. நீராவி வெளியேற ஒரு பெரிய விசிறி மட்டும் சுவரில் இரைந்துகொண்டிருக்கும். இந்த வரி என்னுடைய வேறு ஏதோ கதையிலிருந்து தானாக நடந்து வந்துவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்: உலகெங்கும் ஆண்டுதோறும் எண்ணற்ற பெண்கள்

(இது டாக்டரின் குரல். அவரோடு ஒரு மணிநேரம் இருந்தால் நமக்கும் தொற்றிவிடுகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை.)

மூன்றாவது தொடக்கம்: ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கும் கூடம் அது. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்துக் கைமாற்ற வேண்டும். என் அக்காவுக்கு ஜோடி அவளுடைய ஓரகத்தி, அதாவது அத்தானுடைய தம்பியின் மனைவி. அவளைச் சின்னவள் என்பேன். வீட்டிலும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடித்தனம், ஒரே மேசையில் வேலை. பேச்சுவார்த்தை நின்றுபோன நாட்களிலும் விரிப்பு மடித்தாக வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு தடவை விரல் தொட்டாக வேண்டும்.

இதை வைத்துக்கொள்வோம். இதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை.

3

ஆய்வுச் செவிலி ஒரு பெட்டியோடு சலவைக்கூடத்துக்கு வந்தார். விருப்பப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு சின்னக் குப்பி, ஒரு மெல்லிய பிரஷ். குப்பியில் அவரவர் பெயர். கழிப்பறைக்குப் போய், பிரஷை உள்ளே விட்டு நிதானமாகச் சில சுற்றுச் சுற்றி எடுத்து, குப்பியிலுள்ள திரவத்தில் அலசி, மூடிக் கொடுத்துவிட வேண்டும். வலி ஒன்றும் இருக்காது.

அக்கா சம்மதம் சொன்னாள், குப்பியை வாங்கினாள், கழிப்பறை வாசல்வரை போனாள். அங்கே அதைச் சின்னவளின் கையில் திணித்தாள்.

"எனக்கும் சேர்த்து நீயே எடுத்துக் குடுத்துடு."

"அதெப்படிக்கா? இதென்ன ரேஷன் வரிசையா, ஒருத்தருக்காக இன்னொருத்தர் நிக்கறதுக்கு?"

"ரெண்டு தடவை எடுத்தா தேய்ஞ்சா போயிடுவ? போடி."

சின்னவள் போனாள். இரண்டு குப்பியோடும் வெளியே வந்தாள். இரண்டு குப்பி, ஒரே உடம்பு.

(* அக்கா விவரம் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இதே வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டபோது, தன் மகளை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தியவள் அவள். தயங்கிய தாய்மார்களைப் பிடித்து வைத்து வகுப்பே எடுத்தாள். அந்த அக்காவையும் கழிப்பறை வாசல்வரை போய்த் திரும்பிய இந்த அக்காவையும் ஒரே ஆளாக எழுத எனக்குக் கைவரவில்லை. ஒரு வரைவில் அவளைக் கொஞ்சம் அசடாக்கிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பயந்துபோய் அடித்துவிட்டேன்.)

4

முடிவுகள் வந்தன. அக்கா பெயரில் போன குப்பியில் வைரஸ் இருந்தது. சின்னவள் பெயரில் போன குப்பியில் இல்லை.

மெதுவாகப் படியுங்கள். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். இரண்டுமே சின்னவளிடமிருந்து போனவை.

இருக்கிறது என்று சொல்லப்பட்டவள் எதையுமே கொடுக்கவில்லை. கொடுத்தவளுக்கோ இல்லை என்று வந்துவிட்டது. கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்க்க வேண்டும் என்று அக்காவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அது என்னுடையதே இல்லை, நான் எதற்குப் போக வேண்டும் என்றாள் அக்கா. எனக்குத்தான் இல்லை என்று வந்தாயிற்றே, நான் எதற்குப் போக வேண்டும் என்றாள் சின்னவள். தனித்தனியாகக் கேட்டபோது இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டு அம்புக்குறிகள் இழுத்தேன். கடைசி அம்பு சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தது. பேருந்து நிலையத்தில் யாரும் எடுக்காத பெட்டி மாதிரி, அந்த வைரஸ் இரண்டு பெண்களுக்கும் நடுவில் கிடந்தது.

அதுசரி, ஒரே உடம்பிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்தது எப்படி இரண்டு விதமாக வரும்? மறுபடி போய்ச் சின்னவளிடமே கேட்டேன். அவள் காய்ந்த துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"பெரியவங்க பேர்ல போறதாச்சேன்னு அக்காவோடதை மொதல்ல, பார்த்துப் பார்த்து எடுத்தேன். அப்புறம் நமக்குத்தானேன்னு அடுத்ததை சும்மா பேருக்கு விட்டு எடுத்துட்டேன்."

டாக்டரின் ஆய்வுத் திட்டத்தை நான் படித்திருக்கிறேன். அதில் வயதுக்கு இடம் இருக்கிறது, பிரசவங்களுக்கு இடம் இருக்கிறது, புகைபிடிக்கும் வழக்கத்துக்குக்கூட இடம் இருக்கிறது. மூத்த ஓரகத்திக்குக் காட்டும் மரியாதையை எந்தக் கட்டத்தில் போடுவது?

அப்படியானால் வைரஸ் உனக்குத்தானே என்றேன். அவள் கை நின்றது. கணவனுக்குத் தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பான், அதற்குத் தன்னிடம் பதில் இல்லை, அவனிடம் இருக்கலாம் என்றாள். அது அக்கா பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னாள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

5

இந்தப் பகுதியை எழுதாதே என்றுதான் அக்கா முதலில் சொன்னாள். பிறகு, பேரைப் போட்டுத் தொலைக்காதே என்றாள். அதை அனுமதியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று மூன்றாம் தடவை நச்சரித்தபோது சொன்னாள்:

"குடுத்தா தெரிஞ்சிடுமேடா."

"என்ன தெரிஞ்சிடும்?"

"இருக்கறது."

மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆன பிறகு, அவளுக்கு மறுபடியும் ரத்தம் படுகிறது. எப்போதாவது, கொஞ்சமாக. அத்தானுக்குத் தெரியாது. சின்னவளுக்கும் தெரியாது. நாளெல்லாம் முகம் தெரியாதவர்களின் விரிப்புகளில் கறை தேடுகிறவள், தன்னுடையதை மட்டும் யாரும் எழும்முன் கசக்கி உலர்த்திவிடுகிறாள்.

இதை என்னிடம் மட்டும் ஏன் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நீ எதையும் பெருசா எடுத்துக்க மாட்ட. அதான்."

[இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை இருந்தது. நன்றாகவே இருந்தது. எடுத்துவிட்டேன்.]

6

டாக்டரிடம் போனேன். ஒரு சந்தேகம், கதைக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். கதையில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கும் சேர்த்து இளையவளே மாதிரி கொடுத்துவிடுகிறாள், மூத்தவள் பெயரில் போன குப்பியில் வைரஸ் இருக்கிறது, மற்றதில் இல்லை என்றேன்.

அவர் முன்னுரைக்குத் தயாரானார். மாதிரிதான் ஆய்வின் ஆன்மா என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தினார்.

"அந்தப் பெரியவங்க ஏன் தானே குடுக்கல?"

"பயம்."

"டெஸ்டுக்கா, முடிவுக்கா?"

நான் பேனா மூடியைத் திருகினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்களுக்கு ரத்தம் ஏதாவது படுதா?"

(இங்கே எனக்கு ஒரு பாத்திரச் சிக்கல். இவரை முதல் பகுதியில் ஊதிய பலூனாக எழுதிவிட்டேன். கடைசியில் ஊசியால் குத்துவதாகத் திட்டம். நடுவிலேயே அவர் காற்றைத் தானே இறக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தால் நான் என்ன செய்வது? முதல் பகுதியைத் திருத்தலாம். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டதும் உண்மைதான்.)

தலையாட்டி, விவரத்தைச் சொன்னேன். மாதவிடாய் நின்றவருக்கு ரத்தம் பட்டால், வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று எந்தக் குப்பிக்காகவும் காத்திருக்கக் கூடாது, நேரில் வந்து காட்ட வேண்டும் என்றார். பெரும்பாலும் வேறு சின்னக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. குப்பியில் வந்தது மாதிரி எடுத்தவருடையது. அவரும் மறுபடி வர வேண்டும். வைரஸ் இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பலருக்குத் தானாகவே போய்விடும். பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கவும் கூடும் என்பதால் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி விஷயத்தை அப்படியே சின்னவளிடம் கொண்டுபோகும்படி சொன்னார். அவளுடைய கணவனைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

உங்கள் ஆய்வு என்னாவது என்று கேட்டேன். "ரெண்டு குப்பி போனா போகுது. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

வாசல்வரை வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆனால் கதை நம்பிக்கையாக முடிய வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

7

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதைக்கு என்ன முடிவு வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். இரண்டு வைத்திருந்தேன். படித்துக் காட்டினேன்.

முடிவு அ: இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஒன்றுமில்லை என்று தெரிகிறது. மறுநாள் ஒரு வெள்ளை விரிப்பைச் சிரித்தபடி மடிக்கிறார்கள்.

"சிரிச்சுக்கிட்டே மடிக்கிறோமா? நீ ஒரு நாள் வந்து மடிச்சுப் பாரு, சிரிப்பு வருதான்னு."

முடிவு ஆ: யாரும் போகவில்லை. சில வருடங்கள் கழித்து, அதே மேசை. விரிப்பின் இரண்டு முனைகளை ஒருத்தி பிடித்திருக்கிறாள். எதிர்ப்பக்கத்தில்

அதோடு நிறுத்தியிருந்தேன். அக்கா காத்திருந்தாள்.

"எதிர்ப்பக்கத்துல யாரு இல்ல?"

அதை இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.

"நானா, அவளா?"

யோசிக்கவில்லை என்று மறுபடியும் சொன்னேன். உண்மையிலேயே யோசிக்கவில்லை. இருவரில் யார் பொருத்தம் என்று தொழில்முறையில் யோசிக்க ஆரம்பித்து, பேனாவை மூடி வைத்துவிட்டிருந்தேன். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு பாத்திரத்தை வெகுநேரம் கழுவினாள். அவ்வளவு நேரம் தேய்க்கும்படி அதில் ஒன்றும் இருந்திருக்காது.

மறுநாள் போன் செய்தாள். சின்னவளையும் வரச்சொல்லியிருப்பதாகவும், நான் கூட வரலாம், ஆனால் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னாள். சின்னவளிடம் எதுவரைக்கும் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கதாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். தெரியாது.

8

ஆஸ்பத்திரி நடைகூடம். சுவரோரமாக, ஒரே இரும்புச் சட்டத்தில் இணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் அசைந்தால் எல்லோரும் ஆடுவோம். அக்கா, சின்னவள், நான். அக்கா கைப்பையை மடியில் நிற்க வைத்துப் பிடித்திருக்கிறாள். சின்னவள் தன் சுண்டுவிரல் நகத்தைக் கடிக்கிறாள். அவளுடைய இன்னொரு கை அக்காவின் கைப்பை வாரைப் பிடித்திருக்கிறது. அது எப்போது அங்கே போனது என்று நான் கவனிக்கவில்லை.

கதவு திறக்கிறது. சலவைக்கூடத்துக்குப் பெட்டியோடு வந்த அதே செவிலி. இரண்டு பேரையும் பார்க்கிறார்.

"யாரு மொதல்ல வர்றீங்க?"

சின்னவள் சொல்கிறாள்: "பெரியவங்க மொதல்ல போங்கக்கா."

அக்கா திரும்பி அவளைப் பார்க்கிறாள்.

"அந்த மரியாதைய ஒரு தடவை காட்டிட்டியே, போதாதா? நீ போ."

"நீங்க போனா நான் வர்றேன்."

"நீ போயிட்டு வா, நான் போறேன்."

நாற்காலி ஆடுகிறது. ஆட்டுவது யார் என்று தெரியவில்லை, நானாகவும் இருக்கலாம்.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அக்காவை எழுப்பி அனுப்பினால் டாக்டருக்குக் கையேடு கிடைத்துவிடும். இருவரையும் உட்கார வைத்தே விட்டால் முடிவு ஆ தொடங்கிவிடும். எதிர்ப்பக்கத்தில் யார் என்று அக்கா மறுபடி கேட்பாள். இத்தனை வருடமாகப் பிறரை நோகடித்தே பிழைத்தவனுக்கு, ஒரு பெண்ணை நாற்காலியிலிருந்து எழ வைக்க ஒரு வாக்கியம் அமையவில்லை. ஆகவே உங்களிடம் விடுகிறேன். யாரை முதலில் அனுப்புகிறீர்களோ அனுப்புங்கள். இன்னொருத்தியும் பின்னாலேயே போகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அது ஸ்பிரிங் வைத்த கதவு. செவிலி கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும்.